80 மீட்டரில் கரகரப்பு மட்டும்தான் கேட்கிறது, பேண்ட் செத்துவிட்டதா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி, பன்னிரண்டாவது தளம். ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, உரிமம் கைக்கு வந்து அதிக நாளாகவில்லை. 100 வாட் டிரான்ஸீவர் (அனுப்பவும் கேட்கவும் ஒரே கருவி), சன்னலுக்கு வெளியே பத்து மீட்டர் கம்பி. 10, 15, 20 மீட்டரில் ஜப்பானும் ஐரோப்பாவும் வந்து விழுகின்றன. 80 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் 80 மீட்டர், 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) திருப்பினால் கரகரப்பைத் தவிர ஒன்றும் இல்லை. 160-ல் (1.8 மெகாஹெர்ட்ஸ்) அந்தக் கரகரப்பும் கம்மி. மதுரையில் சித்தப்பா மகனும் ஹாம். அவரோடு 80 மீட்டரில் பேச வேண்டும் என்பது ஆசை. ரிசீவர் கோளாறா, சூரியச் சுழற்சி உச்சத்தில் இருந்ததாலா, இல்லை இந்தப் பேண்டுகளில் ஆளே கிடையாதா?

ரிசீவரை முதலில் விடுவித்துவிடலாம். இரவு ஒன்பது மணிக்கு 3.6 மெகாஹெர்ட்சில் வைத்து ஆன்டெனாவைக் கழற்றுங்கள், மறுபடி மாட்டுங்கள். மாட்டியதும் சத்தம் எழும்பினால் ரிசீவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இந்தப் பேண்டுகளில் இன்றைய எந்த ரிசீவரும் தேவைக்கு மேல் கூர்மைதான். எவ்வளவு மெல்லிய சிக்னல் கேட்கும் என்பதை முடிவு செய்வது வெளியிலிருந்து வரும் இரைச்சல். 160 அமைதியாக இருப்பதற்குக் காரணம் உங்கள் கம்பி. அந்தப் பேண்டுக்கு அரை அலை டைபோல் (நடுவில் இணைப்புக் கொடுத்த அரை அலைநீளக் கம்பி) கட்டினால் ஏறக்குறைய 78 மீட்டர் வரும். பத்து மீட்டர் கம்பியால் அங்கே இரைச்சலைக்கூட முழுசாகப் பிடிக்க முடியாது.

மீதி இரண்டு சந்தேகங்களும் பாதி உண்மை. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் என் கணக்கில் முதல் குற்றவாளி: உங்கள் வீடும் உங்கள் புளோக்கும் எழுப்புகிற மின் இரைச்சல். அதற்கு வருகிறேன். அதற்கு முன் சூரியன்.

பூமிக்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் வரை பகலில் டி அடுக்கு உருவாகிறது. அங்கே காற்று இன்னும் அடர்த்தி. ரேடியோ அலை எலெக்ட்ரான்களை ஆட்டுகிறது, அவை காற்று மூலக்கூறுகளில் முட்டி அந்தச் சக்தியை வெப்பமாகத் தொலைத்துவிடுகின்றன. அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு அதன் இருமடியில் ஏறும். 14 மெகாஹெர்ட்சிலிருந்து 3.5-க்கு இறங்கினால், டெசிபெல் கணக்கில் பதினாறு மடங்கு வரை போகலாம். 20 மீட்டரில் நீங்கள் உணரவே உணராத 2 டெசிபெல், 80 மீட்டரில் முப்பதைத் தொடும். சிங்கப்பூரில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் உச்சியிலிருந்து 25 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. ஐரோப்பியர் எழுதிய கையேடுகளில் குளிர்காலப் பகலில் 80 மீட்டரில் சில நூறு கிலோமீட்டர் சுகமாகப் பேசலாம் என்று இருக்கும். நமக்கு அந்தக் குளிர்காலமே கிடையாது. பகல் முழுக்க இந்தப் பேண்டை மறந்துவிடலாம்.

இருட்டியதும் டி அடுக்கு வேகமாகக் கரைந்துவிடும். அதற்கு மேலே, 250 கிலோமீட்டரைத் தாண்டி இருக்கும் எஃப் அடுக்கு இரவிலும் தாக்குப்பிடித்து அலையைத் திருப்பி அனுப்பும். ஆக 80, 160 இரண்டும் இரவுப் பேண்டுகள். நீங்கள் பேசப்போகும் ஊரிலும் இருட்டியிருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 

இதில் சிங்கப்பூர்க் கடிகாரம் ஒரு குழப்பம் செய்யும். நாம் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னே ஓடுகிறோம், ஆனால் 103.8 பாகை தீர்க்கரேகைக்கு ஏழு மணி நேரம்கூட முழுசாகக் கிடையாது. அதனால்தான் இங்கே ஏழு மணி வாக்கில் விடிந்து ஏழு மணி வாக்கில் இருட்டுகிறது. உண்மையான நடுநிசி கடிகாரத்தில் ஒரு மணி. மற்ற ஊர்க்காரர்கள் 'நள்ளிரவுக்கு மேல் நன்றாக இருக்கும்' என்று சொன்னால் இங்கே அதை ஒரு மணிக்கு மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சூரியனின் சுறுசுறுப்பு ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்; 25வது சூரியச் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி 2024 இறுதியில் உச்சம் தொட்டது. உச்சத்தில் 10 மீட்டர் திருவிழாவாக இருக்கும், கீழ்ப் பேண்டுகள் வாடும். உறிஞ்சுதல் கூடுகிறது, காந்தப் புயல்களும் கூடுகின்றன. 2024 மே மாதம் 10, 11-ல் வந்த புயல் 2003-க்குப் பிறகு பார்த்ததிலேயே பெரியது. இங்கிருந்து நியூயார்க்குக்குக் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. துருவப் பகுதி கொந்தளித்தால் அந்தப் பாதை 80 மீட்டரில் நாள்கணக்கில் அடைந்துகிடக்கும். ஆனால் மதுரைக்குப் போகும் பாதை துருவத்தின் பக்கமே போவதில்லை. உங்கள் ஆசைக்கும் சூரியச் சுழற்சிக்கும் சம்பந்தம் சொற்பம். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையைத் தினமும் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

நாம் இருக்கும் இடத்துக்கென்று ஒரு தனிச் சங்கதி உண்டு. பூகோள நடுக்கோடு நமக்குக் கீழே ஒட்டி ஓடினாலும், காந்த நடுக்கோடு (பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு) இந்த வட்டாரத்தில் வடக்கே தள்ளி, மலாய்த் தீபகற்பத்தின் மேல்பகுதியைக் கடந்து, தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோடு அங்கே ஓடியதால்தான். சிங்கப்பூரிலிருந்து மதுரை சுமார் 3,000 கிலோமீட்டர், மேற்கே, சற்று வடக்காக. கிட்டத்தட்ட காந்த நடுக்கோட்டை ஒட்டியே போகிற பாதை.

இதனால் 160 மீட்டரில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன், இது கையேடுகளில் எளிதில் கிடைக்காது. எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றும் இயல்பான அதிர்வெண் இந்தப் பக்கம் 1.2 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. 1.8 அதற்கு மிக அருகே. அயனி மண்டலத்துக்குள் (டி, எஃப் அடுக்குகள் இருக்கும் பகுதி) நுழையும் அலை இரண்டாகப் பிரியும்; ஒரு பங்கு தப்பிக்கும், இன்னொரு பங்கை அந்த எலெக்ட்ரான்கள் விழுங்கிவிடும். இங்கே காந்தக் கோடுகள் வடக்கு தெற்காகத் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுத்திருக்கின்றன. கிழக்கு மேற்காக அனுப்பும்போது, செங்குத்து ஆன்டெனாவின் மின்புலம் அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே நிற்கிறது. அது முழுக்க விழுங்கப்படும் பங்கில் போய்ச் சேரும். வடக்கு தெற்காக நீட்டிய கிடைக்கம்பியின் சக்தி தப்பிக்கும் பங்கில் சேரும். 'டாப் பேண்டுக்கு (160 மீட்டருக்கு) செங்குத்து ஆன்டெனாதான்' என்ற வேதவாக்கு வடநாடுகளுக்குச் சரி. இங்கிருந்து இந்தியாவைப் பிடிக்க அது ஆகாது. 80 மீட்டரில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடும். மதுரைக்கு 160 வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டி, பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்திலிருந்து நள்ளிரவு வரை எஃப் அடுக்கு இங்கே மேலே எழும்பிக் குமிழ் குமிழாகக் கலங்கும். சிக்னல் படபடவென்று நடுங்குவதுபோல் கேட்டால் இதுதான்.

அடுத்து இடி. மின்னல் ஒவ்வொன்றும் ஒரு டிரான்ஸ்மிட்டர், அதன் பலம் கீழ்ப் பேண்டுகளில்தான் அதிகம். உலகில் இடிமின்னல் குவியும் மூன்று வெப்பமண்டலப் பகுதிகளில் நம் தென்கிழக்காசியத் தீவுக்கூட்டமும் ஒன்று. நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், போர்னியோவில் அடிக்கும் இடி இரவில் அயனி மண்டலம் வழியாக உங்கள் சிக்னல் வரும் அதே பாதையில் வந்து காதைக் கிழிக்கும். பரவல் நன்றாக இருக்கிற இரவில் இடிச் சத்தமும் நன்றாகவே பரவும். இதற்கு மாற்று இல்லை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் எழும் இடிமழையின் மிச்சம் முன்னிரவு வரை நீளும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமத்ரா' என்கிறோமே, மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியுமுன் பாய்ந்து வரும் அந்தப் புயல்மழை, அது ஐரோப்பாவைப் பிடிக்க நல்ல நேரமான ஐந்து, ஆறு மணியில் வந்து நிற்கும். ஆண்டில் சற்று மூச்சுவிடக் கிடைப்பது பிப்ரவரியும் மார்ச்சுத் தொடக்கமும். வடகிழக்குப் பருவக்காற்றின் மழைக்கட்டம் ஓய்ந்து இங்கே வறண்டிருக்கும். தமிழ்நாட்டிலும் அப்போது மழை இல்லை. அந்த வாரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடி பக்கத்தில் கேட்டால் ஆன்டெனாவைக் கழற்றி வையுங்கள். பன்னிரண்டாவது மாடியில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். இடிச்சத்தம் 'டப், டப்' என்று விட்டுவிட்டு வெடிக்கும். ஒரே சீராக, மணிக்கணக்கில், சுருதிப்பெட்டிபோல 'ர்ர்ர்' என்று நிற்பது இடி இல்லை. அது யாரோ ஒருவரின் பவர் சப்ளை. எல்இடி விளக்கு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஏர்கான், சுவர் மின்கம்பி வழியே இணையம் கடத்தும் அடாப்டர், மின்தூக்கி மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி, கூரையில் சூரியத்தகடு இருந்தால் அதன் இன்வெர்ட்டர், எல்லாமே உள்ளே மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டிச் சேர்க்கின்றன. அதன் கழிவு நேராக 80 மீட்டரில் வந்து கொட்டுகிறது. ஒரு புளோக்கில் நூறு வீடு என்றால் எத்தனை சார்ஜர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. டிரான்ஸீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, 3.6-ல் எஸ்-மீட்டரை (சிக்னல் பலம் காட்டும் முள்) பார்த்துக்கொண்டே வீட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். முள் விழுந்தால் குற்றவாளி உங்கள் வீட்டில் இருக்கிறான். பிறகு பிரேக்கரை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். நண்பர் ஒருவர் வீட்டில் இப்படிச் செய்தபோது, எல்லாம் இறங்கியதும் எஸ்8-ல் நின்ற முள் எஸ்4-க்கு வந்தது. எஸ் அளவு ஒன்றுக்கு 6 டெசிபெல் என்றால் 24 டெசிபெல், அதாவது சக்தியில் 250 மடங்கு. கூடத்துப் பிரேக்கரை ஏற்றியதும் மறுபடி எகிறியது. டிவியைக் கழற்றினோம், ரூட்டரைக் கழற்றினோம், அசையவில்லை. கடைசியில் சாமி மேடையில் முருகன் படத்தைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த எல்இடி சரம். அதன் அடாப்டர் கட்டைவிரல் அளவுதான். அதை அணைக்கச் சொன்னதும் நண்பரின் அம்மா, 'ஒன் ரேடியோவுக்காக முருகன இருட்டுல வைக்கச் சொல்றியாடா?' என்றார். நியாயமான கேள்வி. இரும்புக்கோர் டிரான்ஸ்ஃபார்மரில் எரியும் பழைய குண்டு பல்பு ஒன்று வாங்கி வைத்ததில் முருகனுக்கும் வெளிச்சம், 80 மீட்டருக்கும் விடுதலை.

மெயினை இறக்கியும் முள் அசையவில்லை என்றால் இரைச்சல் அக்கம்பக்கத்திலிருந்து வருகிறது. அப்போதும் கையில் வழி உண்டு. ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் வெளியுறை வழியாக ஏறிவரும் இரைச்சலைத் தடுக்க, மிக்ஸ் 31 வகை ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். மிக்ஸ் 43 மேல் பேண்டுகளுக்குத் தேவலாம், கீழே 31 தான். இதைவிடப் பெரிய பலன், கேட்பதற்கென்றே ஒரு சிறிய வளைய ஆன்டெனா வைப்பது. வளையத்துக்கு இரண்டு செவிட்டுத் திசைகள் உண்டு. சன்னலோரம் வைத்துத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று விழும், அங்கேயே நிறுத்துங்கள். எஸ்-மீட்டர் சிக்னலையும் குறைவாகத்தான் காட்டும், பரவாயில்லை. இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அதே வளையத்தில் அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அனுப்பலாம், கைக்கு வருவது குறைவு. ஒரு மீட்டர் விட்டத்தில் தடித்த செம்புக்குழாய் வளையம் 80 மீட்டரில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் வெளியே விடும், மீதி செம்பைச் சூடாக்கும். உங்கள் 100 வாட் 2 வாட் ஆகிவிடும். கப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும், பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. 160-ல் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அனுப்புவதற்கு நீளமான கம்பிதான் சரி. இங்கேதான் வீவக வீட்டுக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, அதை யாரும் கொண்டாடுவதில்லை. பன்னிரண்டாவது மாடி என்றால் தரையிலிருந்து முப்பது மீட்டருக்கு மேல். 80 மீட்டர் பேண்டுக்கான கம்பியை அந்த உயரத்தில் தூக்கிப் பிடிக்க தனி வீட்டுக்காரர் கோபுரம் கட்ட வேண்டும். அந்த உயரத்தில் கிடைக்கம்பியின் வீச்சு 40 பாகையை ஒட்டி உச்சம் பெறும், 20 பாகையிலும் பெரிதாகக் குறையாது. மதுரைக்கு இரண்டு தாவலில் (எஃப் அடுக்கில் இரண்டு முறை பட்டுத் திரும்பி) போக அந்தக் கோணம் போதும். நல்ல டைபோல் நாற்பது மீட்டர் கேட்கும், அது கிடைக்காது. இருபது மீட்டர் கம்பி, நடுவிலோ அடியிலோ ஒரு லோடிங் காயில் (குட்டைக் கம்பியை நீளமானதுபோல் நடக்கவைக்கும் சுருள்), எதிர்முனைக்கு இன்னொரு கம்பி என்று சமாளிக்கலாம். வெயிலுக்காகப் பல புளோக்குகள் வடக்கு தெற்கு பார்த்துக் கட்டப்பட்டிருப்பதால் சுவரோரக் கம்பி கிழக்கு மேற்காகத்தான் ஓடும்; 80 மீட்டரில் அதற்காக மனம் உடைய வேண்டாம். வெளியே எதையும் பொருத்துமுன் நகர மன்றத்தின் அனுமதி கேட்டுவிடுங்கள். மேலிருந்து ஒரு திருகாணி விழுந்தாலும் அது கீழே நடப்பவர் தலை.

ஆளே இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஹாம்கள் குறைவு, அதிலும் கீழ்ப் பேண்டுக்கு இறங்குபவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் 80 மீட்டரில் இந்தோனேசியர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள்கூடக் கேட்கவில்லை என்றால் உங்கள் இரைச்சல் அந்த அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஜப்பானியர்களும் ஆஸ்திரேலியர்களும் உண்டு. இடையிடையே சில மோர்ஸ் எழுத்துகளையே திரும்பத் திரும்ப அனுப்பும் மர்ம நிலையம் கேட்டால் பதில் கொடுக்காதீர்கள், அது பெரும்பாலும் மீன்வலையோடு மிதக்கும் மிதவை. மற்றபடி பெரும்பாலோர் எஃப்டி8-க்கு, கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் முறைக்கு, குடிபெயர்ந்துவிட்டார்கள். 2017-ல் வந்த இந்த முறை, காதுக்கு எட்டாத சிக்னலையும் இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழேயிருந்து தோண்டி எடுக்கும். 3.573-ல் கேளுங்கள், 160-ல் 1.840. பேச்சுப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கும் அதே நிமிடத்தில் அங்கே திரை நிரம்பும். ஜனவரி இறுதியில் 160 மீட்டர் மோர்ஸ் போட்டி, நவம்பர் இறுதியில் உலகளாவிய மோர்ஸ் போட்டி என்று வரும் வார இறுதிகளில் 'ஆளில்லாத' பேண்ட் எப்படித் திடீரென்று நிறைகிறது என்று பாருங்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தால் எந்தப் பேண்டும் செத்ததுபோலத்தான் இருக்கும். எஃப்டி8-ல் ஒரு சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) போடுங்கள்.

போட்டுவிட்டு இணையத்தில் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வரைபடத்தைத் திறந்து உங்கள் அழைப்புக்குறியைத் தேடுங்கள். உங்களை யார் கேட்டார்கள் என்று நிமிடங்களில் காட்டும். ஜப்பானிலும் பெர்த்திலும் உங்களைக் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் அவர்களைக் கேட்கவில்லை என்றால், கோளாறு உங்கள் கேட்கும் பக்கத்தில். யாருமே கேட்கவில்லை என்றால் கம்பியைக் கவனியுங்கள். இந்த ஒரு சோதனையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி மதுரை. அங்கே சூரியன் மறைவது இந்திய நேரம் ஆறிலிருந்து ஆறே முக்காலுக்குள். நமக்கு எட்டரை முதல் ஒன்பதே கால். அதற்கு முன் 80 மீட்டரில் கூப்பிடுவது வீண். நமக்கு விடியும் ஏழு மணி அவருக்கு நாலரை. ஆக ஒன்பதரை முதல் ஏழு வரை இரு பக்கமும் இருட்டு. இருவருக்கும் தூக்கம் கெடாத நேரம் இங்கே பதினொன்றரை முதல் ஒரு மணி, அங்கே ஒன்பது முதல் பத்தரை. விடியலுக்குச் சற்று முன் சிக்னல் இன்னும் கொஞ்சம் ஏறும், ஆனால் அவர் நாலு மணிக்கு எழுந்தாக வேண்டும். மார்கழியில் கேட்டுப் பாருங்கள், கோயில் ஒலிபெருக்கியே எழுப்பிவிடும்.

முதல் சில இரவுகள் பேச முயல வேண்டாம். இருவரும் எஃப்டி8-ல், 3.573-ல், ஒரே மணியில் கூப்பிட்டு, திரையில் வரும் எண்ணை (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் பலம், டெசிபெல்லில்) இரு பக்கமும் எழுதி வையுங்கள். ஒன்றும் வராவிட்டால் 7.074-க்கு மாறுங்கள், 40 மீட்டர் பேண்டுக்குக் கம்பி பாதி நீளம் போதும், உறிஞ்சுதலும் இரைச்சலும் குறைவு, மதுரைக்கு அது பல இரவுகளில் சுலபமாகத் திறந்திருக்கும். எண் மைனஸ் பத்துக்கு மேல் வந்தால் மோர்ஸ் நடக்கும். குரலுக்கு இரு பக்கமும் பூஜ்யத்தைத் தாண்டி நல்ல ப்ளஸ்ஸில் நிற்க வேண்டும். பேச்சுக்கு இடம் குறிக்கும்போது இரண்டு நாட்டு உரிமங்களிலும் பொதுவாக இருக்கும் பகுதியைப் பாருங்கள், 3.7-க்குக் கீழே இருந்தால் நல்லது. பிப்ரவரியில் தொடங்குங்கள்.